கம்பளத்தின் பின்பக்கம்

நுழையும்முன்

கல்வெட்டின் காலத்தை அதன் எழுத்து சொல்லும்; நாணயத்தின் காலத்தை அதிலுள்ள மன்னனின் பெயர் சொல்லும். எழுத்தும் பெயரும் இல்லாத ஒரு பழம்பொருள் தன் ஊரையும் காலத்தையும் எவ்வாறு சொல்லும்? கையால் நெய்யப்பட்ட பழைய கம்பளிக் கம்பளம் அத்தகையதொரு பொருள். அதன் முடிச்சையும் இழையையும் சாயத்தையும் படித்து உண்மையை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஐயத்துக்குள்ளான அழகு

இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘சால்டிங் கம்பளம்’ என்னும் பெயருடைய கம்பளம் ஒன்று உள்ளது. ஜார்ஜ் சால்டிங் என்னும் சேகரிப்பாளர் விட்டுச்சென்ற அரும்பொருள்களுள் அதுவும் ஒன்று. கம்பளி இழைகளோடு உலோகச் சரிகையும் சேர்த்து நெய்யப்பட்ட அதன் நிறங்கள், நேற்றுத் தறியிலிருந்து இறக்கப்பட்டவை போல ஒளி வீசுகின்றன. அதனையொத்த வேறு பல கம்பளங்களும் உலகின் பல இடங்களில் உள்ளன. இவை அனைத்தும் ‘சால்டிங் தொகுதி’ என்று அழைக்கப்படுகின்றன.

இத்தொகுதியின் ஒளியே அதற்குப் பகையாயிற்று. நானூறு ஆண்டுப் பழமையுள்ள கம்பளம் இவ்வளவு பொலிவுடன் இருக்க இயலாது என்று அறிஞர் பலர் கருதினர். ஈரானியப் பழங்கம்பளங்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் துருக்கியில் செய்யப்பட்ட நகல்களே இவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பின்னர் அவற்றின் சாயங்கள் வேதியியல் முறையில் ஆராயப்பட்டன. நெசவமைப்பும் வடிவங்களும் மீண்டும் நுணுகி நோக்கப்பட்டன. அவை 16ஆம் நூற்றாண்டு ஈரானியக் கம்பளங்கள் என்பதற்கே சான்றுகள் வலுவாக அமைந்தன. இன்று அக்கருத்தே பெரிதும் ஏற்கப்படுகிறது.

கண்ணுக்குத் தோன்றியதை மட்டும் நம்பியதால், ஒரு காலத்து நெசவாளர்களின் உழைப்பு பல்லாண்டுகள் போலி என்று பேசப்பட்டது. எனவே, கம்பளத்தின் காலத்தையும் ஊரையும் கணிப்பது விலை மதிப்பிடும் வணிகச் செயல் மட்டுமன்று. உழைத்தவர்க்கு உரியதை உரியவர்க்கே அளிக்கும் நீதியும் ஆகும்.

பாவும் ஊடையும் முடிச்சும்

பவானி ஜமக்காளத்தைத் தமிழக மாணவர்கள் அறிவர். அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் பின்னித் தட்டையான பரப்பாகின்றன. முடிச்சுக் கம்பளத்தின் அமைப்பு இதனின் வேறுபட்டது. அதிலும் பாவும் ஊடையும் உண்டு. ஆனால், நெசவாளர் இரண்டு பாவு நூல்களைப் பற்றி ஒரு சிறு கம்பளி இழையை முடிச்சாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் மேல்நோக்கி விட்டு வெட்டுவார். ஒரு வரிசை முடிச்சுகள் நிறைந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, சீப்பு போன்ற கருவியால் தட்டி இறுக்குவார். மேல்நோக்கி நிற்கும் இழைமுனைகளே கம்பளத்தின் மென்மையான முகப்பாகின்றன. இவற்றை மேலிழை எனலாம்.

கம்பளத்தை ஆராய்வோர் முதலில் அதைப் புரட்டிப் போடுகின்றனர். முகப்பு பிறர் காண நெய்யப்படுவது. அங்குள்ள பூவையும் கொடியையும் எந்த ஊர் நெசவாளரும் பார்த்து நெய்யலாம். ஆனால், முடிச்சிடும் முறை, ஊடையைச் செலுத்தும் எண்ணிக்கை, ஓரத்தைக் கட்டும் பாங்கு ஆகியவை இளமை முதல் கையில் படிந்த பழக்கங்கள். அவற்றை எளிதில் மாற்ற இயலாது. அப்பழக்கங்கள் தெளிவாகத் தெரியும் இடம் பின்பக்கமே.

முடிச்சு காட்டும் வழி

ஊடை செல்லும் திசையில் கம்பளத்தை மடித்து மேலிழையை விலக்கினால் முடிச்சின் அடி தெரியும். முடிச்சுகளில் இரண்டு வகைகள் முதன்மையானவை. இழை இரண்டு பாவு நூல்களையும் சுற்றி, அதன் இரு முனைகளும் அந்நூல்களின் நடுவே வெளிவருவது சமச்சீர் முடிச்சு. இழை ஒரு பாவு நூலை முழுதும் சுற்றி, மற்றொன்றின் பின்னால் மட்டும் சென்று, முனைகள் தனித்தனியே வெளிவருவது சமச்சீரற்ற முடிச்சு.

முன்பு முதல் வகையைத் துருக்கி முடிச்சு என்றும், இரண்டாம் வகையைப் பாரசீக முடிச்சு என்றும் வழங்கினர். பாரசீக முடிச்சுக்கு ஈரானின் சென்னே நகரப் பெயரும் இடப்பட்டது. இன்று சனந்தஜ் எனப்படும் அந்நகரின் கம்பளங்களில் பெரும்பாலும் காணப்படுவதோ சமச்சீர் முடிச்சு! ஈரானிலேயே தப்ரீஸ், ஹெரிஸ் பகுதிகளின் நெசவாளர்களும் சமச்சீர் முடிச்சையே மிகுதியாகக் கையாண்டனர். இதனால், நாட்டுப் பெயர்களைத் தவிர்த்து முடிச்சின் வடிவத்தையே பெயராகக் கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே வலுப்பெற்றது. முடிச்சு ஒரு திசையைக் காட்டுமேயன்றி, முடிவைச் சொல்லாது.

முடிச்சு வரிசைகளுக்கு இடையே எத்தனை முறை ஊடை செல்கிறது என்பதும் சான்றாகும். ஈரானின் ஹமதான் பகுதிச் சிற்றூர்க் கம்பளங்கள் பலவற்றில் ஒரே ஊடை செல்லும். அதனால் அவற்றின் பின்பக்கத்தில் பாவு நூல் சிறுசிறு வெண்புள்ளிகளாகத் தெரியும். இரண்டு ஊடைகள் செல்லும் பிற ஊர்க் கம்பளங்களில் இத்தோற்றம் இராது.

இழையும் வாழ்வும்

பாவு எதனால் ஆனது என்பது நெசவாளரின் வாழ்க்கை முறையை உணர்த்தும். மந்தையோடு இடம்பெயரும் மேய்ச்சல் மக்கள் தம் ஆடுகளின் கம்பளியையே பாவுக்கும் ஊடைக்கும் பயன்படுத்தினர். தரையில் கிடத்தும் சிறிய தறியே அவர்களுக்கு உகந்தது. நெய்து முடியுமுன் கூட்டம் புறப்பட்டால் தறியைக் கழற்றிச் சுருட்டி எடுத்துச்சென்று, அடுத்த தங்குமிடத்தில் மீண்டும் கட்டுவர். அதனால் அக்கம்பளங்களில் அகலம் சீராக அமையாமல் ஓரம் வளைந்திருப்பதுண்டு. வணிகர் அதைக் குறை என்பர். ஆய்வாளர் அதைப் பயணத்தின் தடம் என்பர்.

நகரத் தொழிற்கூடங்களில் அசையாத நிமிர்ந்த தறிகள் இருந்தன. அங்கு, நீளாமல் நிற்கும் பருத்தி நூல் பாவாயிற்று. அரசவைக்கென நெய்யப்பட்டவற்றில் பட்டுப் பாவும் இடம்பெற்றது.

நூலை முறுக்கிய திசையும் துணைபுரியும். கம்பளம் நெய்யும் பெரும்பாலான நாடுகளில் கம்பளி நூல் ஒரே திசையில் முறுக்கப்பட, எகிப்தில் எதிர்த்திசையில் முறுக்கப்பட்டது. மம்லுக் ஆட்சிக்காலக் கெய்ரோக் கம்பளங்களை அடையாளம் காண இச்சிறு வேறுபாடு பெரிதும் உதவியது.

சாயம் சொல்லும் காலம்

முடிச்சும் இழையும் பெரும்பாலும் ஊரைச் சொல்ல, சாயம் காலத்தைச் சொல்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கம்பளிக்குச் சிவப்பு நிறம் தந்தது மஞ்சிட்டி இனச் செடியின் வேர். நீலம் தந்தது அவுரி. இந்தியாவில் அரக்குப் பூச்சியிலிருந்தும் சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. சாயம் இழையில் பற்றி நிற்பதற்குப் படிகாரம் முதலிய நிறமூன்றிகள் சேர்க்கப்பட்டன.

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பெர்கின் முதல் செயற்கை அனிலின் சாயத்தைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் மெஜந்தா போன்ற புதிய நிறங்கள் சந்தைக்கு வந்தன. மஞ்சிட்டி வேரின் முதன்மை நிறப்பொருளான அலிசரின் 1868இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. செயற்கை நீலம் 1897இல் வணிகப் பொருளாயிற்று. தமிழகக் கடற்கரையோரத்தில் பருத்தித் துணிக்குச் சிவப்பு நிறம் ஏற்றிய சாயவேரிலும் அலிசரின் உண்டு. இத்தகைய சாயச் செடிகளை நம்பியிருந்த பல நாட்டு உழவர்களின் வாழ்வை இக்கண்டுபிடிப்புகள் புரட்டிப்போட்டன.

ஆய்வாளருக்கு இவ்வாண்டுகள் எல்லைக்கற்களைப் போன்றவை. ஒரு கம்பளத்தின் மூல நெசவில் அனிலின் சாயம் இருக்குமாயின், அது 1856க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் பல, வெளிச்சம் பட்டு விரைவில் வெளுத்தன. மேலிழையைப் பிரித்துப் பார்த்தால் நுனி சாம்பல் நிறமாகவும், வெளிச்சம் படாத அடிப்பகுதி மெஜந்தா நிறமாகவும் இருப்பதைக் காணலாம்.

இதன் மறுதலை உண்மையாகாது. செயற்கைச் சாயம் இல்லை என்பதாலேயே ஒரு கம்பளம் பழையதாகிவிடாது. செயற்கைச் சாயம் வந்த பிறகும் சிற்றூர்கள் பலவற்றில் இயற்கைச் சாயம் தொடர்ந்தது. துருக்கியில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய டோபாக் திட்டம், இயற்கைச் சாய மரபை மீண்டும் சிற்றூர் நெசவாளரிடம் கொண்டு சேர்த்தது. எனவே, மஞ்சிட்டிச் சிவப்புடைய கம்பளம் முந்நூறு ஆண்டுப் பழமையானதாகவும் இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நெய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

நீலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அவுரியில் பிறந்த நீலமும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த நீலமும் முதன்மையாக ஒரே வேதிப்பொருள். ஆகவே, நீல நிறத்தைக் கொண்டு காலத்தைப் பிரித்தறிதல் கடினம்.

பழைய கம்பளங்களில் கரும்பழுப்பு நிறப் பகுதிகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருப்பதுண்டு. அந்நிறத்துக்கு இரும்பு நிறமூன்றி பயன்படுத்தப்பட்டது. இரும்பு, காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடுகிறது. கோலத்தின் கரிய எல்லைக்கோடுகள் தேய, ஏனைய நிறங்கள் சற்று உயர்ந்து புடைப்போவியம் போலத் தோன்றும்.

எழுத்தும் ஓவியமும் ஆவணமும்

சில கம்பளங்களில் ஆண்டே நெய்யப்பட்டிருக்கும். அவற்றுள் புகழ்பெற்றது அர்தபீல் கம்பளம். ஈரானின் அர்தபீல் நகரத்தோடு தொடர்புடைய இது, ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமுடையது. ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 340 முடிச்சுகளைக் கொண்டது. அதில் கஷான் நகரத்து மக்சூத் என்பவரின் பெயரும், ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன.

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 354 நாள்களையுடையது. அதனை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால், பொது ஆண்டு தோராயமாகக் கிடைக்கும். இம்முறைப்படி 946ஆம் ஆண்டு பொ.ஆ. 1539-40 ஆகிறது.

எழுதிய ஆண்டையும் ஆராயாமல் ஏற்றல் கூடாது. படிப்பறியாத நெசவாளர் பழைய கம்பளம் ஒன்றைப் பார்த்து நெய்கையில், அதிலிருந்த ஆண்டையும் கோலத்தின் பகுதி எனக் கருதி அப்படியே நெய்ததுண்டு. விலையை உயர்த்த விரும்புவோர் ஓர் இலக்கத்தின் முடிச்சுகளை மட்டும் பிரித்து மாற்றியதும் உண்டு. 1312 என்பதை 1212 என மாற்றினால், 1894இல் நெய்த கம்பளம் 1797ஆம் ஆண்டுக்குரியதாகிவிடும். அவ்விடத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் புதிய முடிச்சுகள் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஆண்டு இல்லாதபோது ஓவியங்கள் உதவுகின்றன. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ என்னும் ஓவியத்தில், மேசைமீது அனத்தோலியக் கம்பளம் ஒன்று விரிக்கப்பட்டுள்ளது. அக்கோலம் 1533க்கு முன்னரே வழக்கிலிருந்தது என்பதற்கு அவ்வோவியமே சான்று.

ஆவணங்களும் அவ்வாறே துணைபுரிகின்றன. இந்தியாவில் ஆக்ரா, பதேபூர், லாகூர் ஆகிய இடங்களில் அக்பர் கம்பள நெசவை வளர்த்த செய்தியை அயினி அக்பரி குறிப்பிடுகிறது. 1630களின் தொடக்கத்தில் லாகூரில் நெய்யப்பட்ட ஒரு கம்பளம், இலண்டனில் இடைக்கச்சை செய்வோரின் சங்கத்துக்கு ராபர்ட் பெல் என்பவரால் வழங்கப்பட்டது. அச்சங்கத்தின் சின்னம் அதில் நெய்யப்பட்டுள்ளது. அக்கம்பளத்தைப் பற்றிய குறிப்புகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களிலும் உள்ளன. பொருளும் ஆவணமும் இவ்வாறு ஒன்றையொன்று உறுதிசெய்வது அரிது.

தெரிந்து தெளிவோம்

இன்று வரை முழு உருவில் கிடைத்துள்ள முடிச்சுக் கம்பளங்களுள் மிகப் பழமையானது பாசிரிக் கம்பளம். சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியிலுள்ள கல்லறை ஒன்றில், 1949ஆம் ஆண்டு செர்கேய் ருதென்கோ தலைமையிலான அகழாய்வில் இது கண்டெடுக்கப்பட்டது. கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் இது அழியாமல் நின்றது. ஏறத்தாழ பொ.ஆ.மு. 5 – 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மான்களும் குதிரை வீரர்களும் இதன் கரைகளில் அணிவகுக்கின்றனர். இது நெய்யப்பட்ட இடம் எது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இக்கம்பளம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

போலிப் பழமையும் பழுதும்

பழமைக்கு விலை உண்டு என்பதால் பழமையும் செய்யப்படுகிறது. புதிய கம்பளத்தை வேதிநீரில் கழுவியும், வெயிலில் நெடுநாள் காயவைத்தும், தேயிலை நீரில் தோய்த்தும் முதுமைத் தோற்றம் அளிப்பர். இயல்பாக வெளுத்த மேலிழையில் நுனியிலிருந்து அடிவரை நிறம் படிப்படியாக மாறும். செயற்கையாக வெளுத்ததில் அம்மாற்றம் திடீரென்று அமையும். நெடுங்காலம் மிதிபட்ட கம்பளத்தின் பின்பக்க முடிச்சுகள் தரையில் உரசி வழவழப்பாகியிருக்கும். முகப்பை மட்டும் மழித்துத் தேய்த்த கம்பளத்தில் அவ்வழவழப்பைக் காண இயலாது.

பழுதுபார்த்த பகுதிகளிலும் விழிப்பு வேண்டும். அர்தபீல் கம்பளத்துக்கு இணையாக இன்னொன்றும் இருந்தது. ஒன்றின் சிதைவைச் சரிசெய்ய மற்றொன்றின் பகுதிகள் வெட்டி எடுத்துச் சேர்க்கப்பட்டன. இவ்வாறு நிறைவுசெய்யப்பட்டதை, வில்லியம் மோரிசின் பரிந்துரையோடு 1893இல் இலண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுனுக்கு வாங்கியது. எஞ்சிய மற்றொன்று இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ளது. எனவே, ஆய்வுக்கு இழையெடுக்கும் இடம் மூல நெசவா, பிற்கால ஒட்டா என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு இவ்வையங்களையெல்லாம் தீர்த்துவிடாதா என்னும் வினா எழலாம். மிகப் பழைய கம்பளங்களுக்கு அது பயன்படும. ஆனால், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்ட பொருள்களுக்கு அம்முறை ஒரே விடையைத் தராமல், ஒன்றுக்கொன்று விலகிய பல காலப்பகுதிகளைத் தருகிறது. இன்று வீடுகளிலும் கடைகளிலும் உள்ள பழங்கம்பளங்கள் பெரும்பாலும் இக்காலத்தவையே.

ஒரு கம்பளத்தைப் படித்தல்

இருநூறு ஆண்டுப் பழமையானது என்னும் கூற்றோடு ஒரு கம்பளம் ஆய்வுக்கு வருவதாகக் கொள்வோம். அதன் நடுவே கோணங்கள் நிறைந்த பெரிய பதக்க வடிவம் உள்ளது. புரட்டிப் பார்த்தால், பாவு பருத்தி, முடிச்சு சமச்சீரானது, நெசவு சற்றுப் பருமனானது. இம்மூன்றும் வடிவத்தோடு சேர்ந்து ஈரானின் வடமேற்கிலுள்ள ஹெரிஸ் பகுதியைச் சுட்டுகின்றன. பெரும்பாலான சிவப்பு மஞ்சிட்டி நிறமே. ஆயினும், கரையிலுள்ள சிறு பூக்களின் மேலிழை நுனியில் சாம்பலாகவும் அடியில் மெஜந்தாவாகவும் உள்ளது. அப்பூக்களின் பின்பக்கத்தில் பழுதுபார்த்த அடையாளம் இல்லை. எனவே, அச்சாயம் மூல நெசவுக்குரியது.

இருநூறு ஆண்டு என்னும் கூற்று இவ்விடத்திலேயே வீழ்கிறது. மெஜந்தாச் சாயம் 1856க்குப் பிற்பட்டது. அது வணிகர் வழியாக மலைச்சிற்றூரைச் சென்றடையவும் சில காலம் ஆகியிருக்கும். ‘ஈரான், ஹெரிஸ் பகுதி, 19ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்று ஆய்வாளர் எழுதுவார். ஒரே ஆண்டைக் குறிக்கச் சான்று இல்லாதவிடத்துக் கால எல்லையைக் குறிப்பதே நேர்மை.

கம்பளத்துக்குரியவர் இதனால் வருந்தலாம். ஆனால், அக்கம்பளம் தன் மதிப்பை இழந்துவிடவில்லை. பாட்டியிடம் கற்ற மஞ்சிட்டிச் சிவப்பையும், சந்தையில் புதிதாக வந்த மெஜந்தாவையும் ஒரே தறியில் வைத்து நெய்த ஒரு தலைமுறையின் சான்றாக அது நிற்கிறது. இருநூறு ஆண்டு என்னும் பொய்யை ஏற்றிருந்தால், அவ்வரலாறு மறைந்துபோயிருக்கும்.

பெயரறியா விரல்கள்

அர்தபீல் கம்பளம் ஒரு பெயரைச் சொல்கிறது. அத்தனை முடிச்சுகளையும் மக்சூத் ஒருவரே இட்டிருக்க இயலாது. அவரோடு பல கைகள் உழைத்திருக்க வேண்டும். அவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஏனைய கம்பளங்களுள் பெரும்பாலானவற்றில் ஒரு பெயர்கூட இல்லை. சிற்றூர்களிலும் மேய்ச்சல் கூடாரங்களிலும் கம்பளம் நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எழுதிவைத்த நூல்கள் இல்லை. அவர்கள் இட்ட முடிச்சும், நூற்ற இழையும், காய்ச்சிய சாயமுமே அவர்களைப் பற்றிய ஆவணங்கள்.

சால்டிங் கம்பளங்களை நெய்தவர்களுக்கு நேர்ந்த பிழை, முகப்பின் பொலிவை மட்டும் கண்டு தீர்ப்புச் சொன்னதால் நேர்ந்தது. அப்பிழை திருத்தப்பட்டதும் கம்பளங்களைக் கொண்டேதான். ஒரு சான்றோடு நின்றுவிடாமல், முடிச்சு, இழை, சாயம், வடிவம், ஆவணம் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அவை கூடும் இடத்தில் முடிவு காண்பதே இத்துறையின் நெறி. பழம்பொருள் எதனையும் அணுகுவோர்க்கு இந்நெறி பொருந்தும்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாக்கில் அமையும் நூல்
ஊடை – பாவுக்குக் குறுக்கே செல்லும் நூல்
மேலிழை – முடிச்சிலிருந்து மேல்நோக்கி நிற்கும் இழை
நிறமூன்றி – சாயம் இழையில் பற்றி நிற்க உதவும் பொருள்
மறுதலை – எதிர்நிலை

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஜமக்காளம், பாய், கைத்தறித் துணி ஆகியவற்றுள் ஒன்றன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டு, நெசவமைப்பில் காணும் வேறுபாடுகளைப் பட்டியலிடுக.
2. உங்கள் பகுதி நெசவாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் கையாளும் தறிச் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மூல நெசவில் அனிலின் சாயம் கொண்ட கம்பளம், எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது?
அ) 1533 ஆ) 1856 இ) 1897 ஈ) 1981

குறுவினா

1. சமச்சீர் முடிச்சுக்கும் சமச்சீரற்ற முடிச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கம்பளத்தில் கரும்பழுப்பு நிறப் பகுதிகள் விரைந்து தேய்வது ஏன்?

சிறுவினா

1. ‘இயற்கைச் சாயம் பழமைக்குச் சான்றாகாது’ – விளக்குக.
2. கம்பளத்தில் நெய்யப்பட்ட ஆண்டை ஆராயாமல் ஏற்றல் கூடாது என்பதற்கான காரணங்களை எழுதுக.

நெடுவினா

1. ‘கம்பளத்தின் காலத்தைக் கணிப்பது, உழைத்தவர்க்கு உரியதை உரியவர்க்கே அளிக்கும் நீதியாகும்’ – இக்கூற்றைப் பாடக்கருத்துகளின் வழி நிறுவுக.